வால்வைக் கழற்றியவர்கள்

என் அண்ணன் வாசித்த கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையர் செய்தவள் நான். இதை முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

எங்கள் ஊர் திருவாலங்காட்டுக்குப் பக்கம். நைனா நெல் விவசாயம் பார்த்தார். நான் எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூருக்கு ரயிலில் போய், பெண்களுக்கு நடத்திய ரேடியோ பயிற்சி வகுப்பில் படித்தேன். தையல் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டதால் என்னை இதில் தள்ளினார்கள். அந்தத் தையல் வகுப்பில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். திருவள்ளூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தான். அக்கார்டியன் வாசித்தவர்தான் அந்தக் குழுவை நடத்தினார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அண்ணனின் கிட்டார் கல்கத்தாவில் செய்தது, மூன்று கை மாறி வந்தது. அதை ஒரு பழைய ரேடியோவில் ஒட்டுப்போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் சாம்பார் வாளி வைக்கும் சத்தத்தில் கிட்டார் காணாமல் போய்விடும். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நா வாசிக்கிறது எனுக்கே கேக்கல" என்று அழுதான். அதற்குத்தான் நான் ஆம்ப்ளிஃபையர் செய்ய உட்கார்ந்தேன்.

அதில் டிரான்ஸ்பார்மரைக் கையால் சுற்றினேன். ஆயிரக்கணக்கான சுற்று. அம்மா நடுவில் கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். இரண்டு முறை பிரித்தேன். மூன்றாவது முறை, நான் எண்ணிக்கொண்டிருந்தால் வீட்டில் யாரும் என்னோடு பேசக் கூடாது என்று நைனாவே உத்தரவு போட்டார்.

ஏன் இவ்வளவு சுற்று என்பதைச் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சாயங்காலம் பம்புசெட் எல்லாம் ஓட ஆரம்பித்தால் கரண்ட் படுத்துவிடும். பல்பு எரிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டும். கச்சேரி நடப்பதும் அதே சாயங்காலத்தில்தான். அதனால் படுத்த கரண்டிலும் போதுமான வோல்டேஜ் கிடைக்கட்டும் என்று நான் கூடுதலாகச் சுற்றினேன். அப்படியானால் நல்ல கரண்ட் வருகிற இடத்தில் வோல்டேஜ் எகிறிவிடாதா என்று கேட்கலாம். எகிறும். அதற்குத்தான் ரெக்டிஃபையர் வால்வு.

கம்பியில் வரும் கரண்ட் முன்னும் பின்னுமாக அலையும். அதை ஒரே பக்கமாக ஓடவைப்பது ரெக்டிஃபையரின் வேலை. அந்த வேலையை ஒரு கண்ணாடி வால்வும் செய்யும், மொச்சைக்கொட்டை அளவு இரண்டு டையோடும் செய்யும். வால்வு சூடாகி வர இருபது எண்ண வேண்டும். அதற்குள் மற்ற வால்வுகளும் சூடாகித் தயாராகிவிடும். ரெக்டிஃபையர் வால்வு தன் வழியாகப் போகிற வோல்டேஜில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடும். டையோடுக்கு இந்தப் பொறுமை கிடையாது. சுவிட்சைப் போட்ட கணமே முழு வோல்டேஜையும் தூக்கி உள்ளே கொட்டும். உள்ளே இருக்கும் வால்வுகள் அப்போது இன்னும் குளிர்ந்துதான் இருக்கும். கொட்டியதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் எல்லாம், கரண்டைச் சேர்த்துவைக்கும் கண்டென்சரின் தலையில் ஏறும்.

சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. வால்வு இருக்கும்போது அண்ணன் கம்பியை அழுத்தி மீட்டினால், சத்தம் ஒரு கணம் உட்கார்ந்து பிறகு மெல்ல எழும். அவன் சோகப் பாட்டுக்கு வாசித்தால் முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அதில் பாதி அவன் விரல், பாதி என் வால்வு. இப்படிச் சொன்னால் எனக்குத் திமிர் என்பார்கள். இருக்கட்டும்.

மாஸ்டருக்கு அந்த இருபது எண்ணும் நேரம்தான் பிடிக்கவில்லை. ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணக் கச்சேரி. அறிவிப்பாளர் பெரிதாக வர்ணித்துக் கிட்டாரை அறிமுகம் செய்ய, அப்போதுதான் அண்ணன் ஆம்ப்ளிஃபையரைப் போட்டான். சத்தம் வரவில்லை, கூட்டம் சிரித்தது. மேடையிலிருந்து இறங்கிய மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"இன்னாமா உன் பொட்டி. சுவிச்ச போட்டா எழுந்து, பல்லு வெளக்கி, நாஷ்டா துன்னுட்டுத்தான் பேசும்போல கீதே."

"மொதல்லயே போட்டு வைக்கச் சொல்லுங்க மாஸ்டர். கச்சேரிக்கு வர்றவங்க முன்னாடியே வர மாட்டாங்களா, அது மாதிரி" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்களுடையது ரேடியோவுக்கும் வோல்டேஜ் பூஸ்டருக்கும் டிரான்ஸ்பார்மர் செய்யும் சின்ன கம்பெனி. கம்பி சுற்றும் பிரிவில் முழுக்கப் பெண்கள். டெஸ்டிங் மேஜையில் முழுக்க ஆண்கள். நாங்கள் சுற்றியது நல்லதா கெட்டதா என்று அவர்கள் சொல்வார்கள். எதனால் கெட்டது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த மேஜையில் ஒரு இடம் காலியானது. எனக்கு அது வேண்டும் என்று மேனேஜரிடம் நேராகப் போய்க் கேட்டேன். ஒரு பெண் அப்படி வந்து கேட்டது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"நீயே டிரான்ஸ்பார்மர் டிசைன் பண்ணியிருக்கியா?"

"எங்கண்ணன் கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கு நாந்தான் சார் பண்ணேன்."

"அப்படியா. ஆயுத பூஜைக்கு நம்ம கம்பெனியில கச்சேரி வைக்கணும்னு ஒர்க்கர்ஸ் கேக்கறாங்க. உங்கண்ணன் குழுவையே வரச் சொல்லு. உன் ஆம்ப்ளிஃபையரையும் பாத்துடலாம். பூஜை முடிஞ்சதும் சொல்றேன்."

அன்றைக்கு நான் தங்கியிருந்த அறைக்கு நடந்து போகவில்லை. கால் தரையில் படவில்லை.

செய்தி சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் சாதகம் செய்ய உட்கார்ந்து ஆம்ப்ளிஃபையரைப் போட்டான். போட்டதும் உடனே பேசியது. பின்பலகையின் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். வால்வு இருந்த இடம் காலி. அடியில் இரண்டு டையோடுகள்.

"யாரக் கேட்டு வெச்ச?"

"மாஸ்டர் மெட்ராஸ்ல குடுத்து மாத்திக்கினு வந்தாரு. இப்ப போட்டதும் பேசுது பாரு. கரண்டு கம்மியா இருந்தாக்கூட சத்தம் கும்முனு வருது."

"ணா, நா வால்வுக்குக் கணக்குப் போட்டுச் சுத்துனது அது. இங்க கரண்டு படுத்துக்கினு கீறதால தப்பிச்சிக்கினு கீது. முழு கரண்டு வர்ற எடத்துல போட்டா கண்டென்சர் தாங்காது, வெடிக்கும். அந்த வால்வு எங்க?"

"மாஸ்டர்கிட்ட கீது. உடு. உன் பொட்டில அடுத்தவன் கை வெச்சிட்டான்னு உனுக்குக் கோவம்."

கோபம்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன். ஆனால் கோபத்தில் சொன்னதாலேயே நான் சொன்னது பொய்யாகிவிடுமா? மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். வால்வைத் தேடித் தருகிறேன் என்றார். தேடினாரா என்பது அவர் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம். பூஜைக்கு முன்னால் வால்வைக் கொண்டுவா, நானே போட்டுத் தருகிறேன் என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

டையோடின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கில் கையாண்டிருக்கிறேன். அதற்கென்று கணக்குப் போட்டுச் சுற்றினால் அதைப் போல நாணயமான பொருள் கிடையாது. செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றினார்களே, அதுதான்.

ஆயுத பூஜையன்று காலையிலேயே குழுவின் வேன் வந்துவிட்டது. பகல் பதினோரு மணிக்குக் கச்சேரி. கம்பெனியே மாறிப்போயிருந்தது. கழுவித் துடைத்த மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், குறடு, சால்டரிங் அயர்ன் எல்லாம் சாமி படத்தின் முன்னால் வரிசையாகப் பூச்சூடிப் படுத்திருந்தன. பொரி, சுண்டல் வாசனை. ஆபீசில் டைப்ரைட்டருக்குக்கூட மாலை.

அண்ணன் வேனிலிருந்து ஆம்ப்ளிஃபையரை இறக்கினான். "வால்வு எங்க?" என்றேன்.

"மாஸ்டர் மறந்துட்டாரு."

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. மெயின் போர்டுக்கு ஓடினேன். அதில் வோல்டேஜ் அளவு காட்டும் மீட்டரின் கண்ணாடிக்கும் யாரோ பக்தியாகப் பொட்டு வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து முள்ளை மறைத்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். முள் இருநூற்று ஐம்பத்தைந்தில் நின்றது. வேலை நாளில் அது இருநூற்று இருபதைத் தாண்டிப் பார்த்ததே இல்லை. ஏறாமல் என்ன செய்யும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் கம்பெனி, பக்கத்துக் கம்பெனி, அதற்குப் பக்கத்துக் கம்பெனி என்று ஒரு மெஷினும் ஓடாது. அத்தனை மெஷினும் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. இழுப்பதற்கு ஆள் இல்லாத கரண்ட் முழுசும் அந்தக் கம்பியில் நிமிர்ந்து நிற்கிறது.

"இன்னாம்மா, பூஜை பண்ண பொட்ட போய் அழிக்கிற" என்று வாட்ச்மேன் அதட்டினார். பதில் சொல்ல நேரமில்லாமல் மேடைக்கு ஓடி வந்தேன்.

"ணா, இன்னிக்கு வோல்டேஜ் ஏறிக்கினு கீது. போடாத. மேனேஜர்ட்ட சொல்லி நம்ம பூஸ்டர் ஒண்ணு வாங்கி, தலகீழா மாட்டி வோல்டேஜக் கொறச்சித் தரேன்."

அவன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் அக்கார்டியனை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மேனேஜர் வந்து குந்திக்கினு கீறாரு. இப்ப போயி பேஜாரு பண்ணாத. நீ போடுப்பா."

"சும்மா இருமே" என்றான் அண்ணன். சுவிட்சைப் போட்டான்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. மேனேஜர் முன்வரிசையில் இருந்து திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த சுற்றும் பிரிவுப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். நானூற்றைம்பது வோல்ட் தாங்கும் கண்டென்சர் அது. உள்ளே ஐந்நூறுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது பாட்டின் சரணம் வரை தாங்கியது. பிறகு வெடித்தது. குழந்தைகள் தீபாவளி வெடி என்று நினைத்துக் கை தட்டினார்கள். பெட்டியின் பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்தது. கண்டென்சருக்குள் இருந்த காகிதமும் தகடும் தூள்தூளாகப் பறந்து அண்ணனின் புதுச்சட்டையில் ஒட்டிக்கொண்டன.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "மன்னிக்கணும். டிரான்ஸ்பார்மர் போயிடுச்சி. ஊட்டுல பொண்ணு சுத்துனது, அதான். பாட்டு கிட்டார் இல்லாம தொடரும்" என்றார். கம்பெனி முழுக்கச் சிரித்தது. டெஸ்டிங் மேஜைக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

நான் எழுந்து மேனேஜரிடம் போனேன். "சார், டிரான்ஸ்பார்மர் இல்ல. ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க. பின்பலகையக் கழட்டி இப்பவே காட்டறேன்."

அவர் சாமி படத்தின் முன்னால் படுத்திருந்த ஸ்க்ரூடிரைவர்களைப் பார்த்தார். "பூஜையில வெச்சதை இன்னைக்கு எடுக்கக் கூடாதும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

எட்டணாக் காசை எடுத்துத் திருகாணியில் வைத்துத் திருகப் போனேன். ஃபோர்மேன் பெட்டியை இழுத்துக்கொண்டார். "இன்னிக்கு வேலையே செய்யக் கூடாது. உனுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். ஆனால் ஒரு பெண்ணைக் கூட்டத்தில் பொய் சொல்லி அவமானப்படுத்தும் வேலையை மட்டும் அன்றைக்குச் செய்யலாமாம். அதற்குத் தடை இல்லை.

அண்ணனிடம் திரும்பினேன். "ணா, நீ சொல்லு. வால்வ எடுத்துட்டு டையோடு வெச்சாங்கன்னு சொல்லு. அத மட்டும் சொல்லு, போதும்."

அவன் கிட்டார் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முழங்கையிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து முழங்கைக்கு. நிமிர்ந்து பார்க்கவில்லை. மாஸ்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். மேனேஜர் ஒரு நிமிஷம் காத்திருந்தார். பிறகு, "சரி, பிரசாதம் வாங்கிக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் விடுமுறை என்பதால் அதே வேனில் ஊருக்குப் போனேன். மாஸ்டர் எனக்குப் பொரிப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கி ஜன்னல் வழியாகப் போட்டேன். பொரி என்ன பாவம் செய்தது, இருந்தாலும் போட்டேன்.

விஜயதசமி காலையில் பெட்டியைத் திறந்தேன். கண்டென்சர் வாய் பிளந்திருந்தது. இரண்டு டையோடும் செத்திருந்தன. ஃப்யூஸ் போயிருந்தது. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சீக்கிரம் சரி பண்ணிக் குடுமே. வெள்ளிக்கெழமை ஆர்.கே.பேட்டைல கச்சேரி கீது" என்றான். கூடவே, "வால்வே போட்டுடு. அதுலதான் சத்தம் நல்லாருந்திச்சி" என்றான்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் சும்மா. இவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"பண்ணித் தரேன். நாளைக்கு என்கூட கம்பெனிக்கு வா. மேனேஜர்ட்ட வந்து நடந்தத சொல்லு. சொன்னாத்தான்."

"நா சொன்னா மாஸ்டர் என்ன பார்ட்டில இருந்தே தூக்கிடுவாரு."

"எனுக்கு வர்ற எடம் அங்க போவப்போவுதே, அது உனுக்குத் தெரியலியா?"

வருகிறேன் என்றான். மறுநாள் வந்தும் விட்டான். காலியான ஆம்ப்ளிஃபையர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் வந்தான். டிரான்ஸ்பார்மர் என் பையில் இருந்தது. கம்பெனி வாசலில் நின்றான். "நீ போய் காட்டு. நா இங்க கீறேன். கூப்ட்டா வரேன்" என்றான். உள்ளே போய் மூன்று முறை ஆள் அனுப்பினேன். வரவில்லை.

நான் தனியாகவே மேனேஜரைக் கூட்டிக்கொண்டு டெஸ்டிங் மேஜைக்குப் போனேன். டிரான்ஸ்பார்மரைப் பொருத்தி, வோல்டேஜை இருநூற்று முப்பது, இருநூற்று ஐம்பது, இருநூற்று எழுபது என்று ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். மேனேஜர் அதன் மேல் கை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு மட்டும்தான். அப்புறம் நான் உடைந்த கண்டென்சரையும் செத்த டையோடுகளையும் அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் மடையர் இல்லை, முழுசாகப் புரிந்துகொண்டார்.

"நல்லாத்தாம்மா சுத்தியிருக்கே. நேத்து விஜயதசமி, லீவுன்னாலும் நல்ல நாள்னு ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த இடத்துக்கு வேற பையனைப் போட்டாச்சு." கொஞ்ச நேரம் டையோடுகளை உருட்டிக்கொண்டிருந்தார். "இதை உங்கண்ணன் அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. நான் அவனைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அந்த மேஜைக்கு நான் போய்ச் சேர அதற்குப் பிறகு நாலு வருஷம் ஆனது. அந்தப் பையனுக்கு மீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

உணவு இடைவேளையில் வாசலுக்கு வந்தேன். அண்ணன் புளியமரத்தடியில் பெட்டியோடு நின்றிருந்தான். "முடிஞ்சிதா? மாட்டிக் குடு, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கையை நீட்டினான்.

இரண்டு டையோடுகளையும் எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டேன். "மெட்ராஸ்காரன் வெச்சது. இத வெச்சி வாசி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவன் வேறு டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கொண்டான், வாசித்தான், கல்யாணம் செய்துகொண்டான். என் கல்யாணத்தில்கூட வாசிக்கிறேன் என்றான். வேண்டாம், நாதஸ்வரம் போதும் என்றேன். நான் சுற்றியது என் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம், "இன்னுமா அந்தக் கோவம்?" என்று அண்ணன் கேட்பான்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிட்டியா?" என்பேன்.

"அவரு செத்து எத்தினி வருசம் ஆவுது."

"மேனேஜர் உயிரோடதான கீறாரு."

அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவான்.